உயிலில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்கு: முதன்முறையாக எழுதுகிறவர்களுக்கு

என் அத்தை பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பது வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை செய்து, அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் நன்றாக இருந்தார். அவர் எழுதி வைத்த உயிலில் நகை, வீடு, பாத்திரம் பண்டம் எல்லாம் யார் யாருக்கு என்று தெளிவாக இருந்தது. கடைசியில் ஒரு வரி: "மிச்சமிருக்கும் பணத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு நல்ல தொகை கொடுக்க வேண்டும்." எந்த ஆஸ்பத்திரி? நல்ல தொகை என்றால் எவ்வளவு? அத்தை மனதில் எந்த ஆஸ்பத்திரி இருந்தது என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும், ஆனால் காகிதம் அதைச் சொல்லவில்லை, அதனால் நான்கு குடும்பங்கள் உட்கார்ந்து பேசி, கோபித்துக்கொண்டு, மறுபடியும் பேசி, ஒன்றரை வருடம் கழித்து, அவர் நினைத்ததில் பாதிகூட இருக்காது என்று நான் நம்பும் ஒரு தொகை போய்ச் சேர்ந்தது. யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த ஒரு வரி சரியாக எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியைச் சரியாக எழுதுவது எப்படி என்பதற்காகத்தான் இது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, இந்தியச் சட்டத்தின் கீழ் உயில் எழுதுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய பணக்காரர்களுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீடு, கொஞ்சம் டெபாசிட், நாலு பவுன் நகை இருப்பவருக்கும் இதே வழிதான்.

முதலில், நம்மால் எழுத முடியுமா

பதினெட்டு வயது முடிந்த, சுயநினைவோடு இருக்கும் யாரும் உயில் எழுதலாம். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இதுதான். ஆனால் உங்களுடையதைத்தான் எழுத முடியும். சுயமாகச் சம்பாதித்தது, வாங்கியது, உங்களுக்கு என்று எழுதிக் கொடுக்கப்பட்டது, இதெல்லாம் உங்கள் விருப்பம். பூர்வீகச் சொத்து என்றால் அதில் உங்கள் பாகத்தை மட்டும். மொத்த நிலத்தையும் "ஆஸ்பத்திரிக்கு" என்று எழுதிவிட்டால் பங்காளிகள் வழக்குப் போடுவார்கள், அதில் நியாயமும் இருக்கும். ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று இவற்றை எடுத்து, எது யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு அப்போதுதான் ஏதோ ஒரு மனை இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது தெரியவரும்.

மதத்தைப் பொறுத்துச் சில வேறுபாடுகள் உண்டு. முஸ்லிம்கள், ஈமச்செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் வசிய்யத்தாக எழுத முடியும், அதற்கு மேல் என்றால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்பதே நல்ல பங்கு, தர்மத்துக்கு எழுத அது தாராளமாகப் போதும். கிறிஸ்தவர்களுக்கு முன்பு ஒரு கஷ்டமான விதி இருந்தது: நெருங்கிய சொந்தம் இருக்கும் ஒருவர் தர்ம காரியத்துக்கு எழுதினால், அந்த உயில் அவர் இறப்பதற்குக் குறைந்தது பன்னிரண்டு மாதம் முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும், எழுதிய ஆறு மாதத்துக்குள் முறைப்படி ஒப்படைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். மற்ற மதத்தவர்களுக்கு இல்லாத இந்தக் கட்டுப்பாடு பாரபட்சமானது என்று ஜான் வல்லமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் அதைச் செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இன்னும் சில பெரியவர்கள் அந்தப் பழைய விதியை நினைத்துக்கொண்டு தயங்குகிறார்கள், தயங்க வேண்டாம். கிறிஸ்தவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், புதிதாக எழுத வேண்டும். இந்துக்களுக்கு அப்படி இல்லை.

எந்த அமைப்புக்கு, அதன் உண்மையான பெயர் என்ன

இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் ஊரில் கூப்பிடும் பெயர் வேறு, பதிவான பெயர் வேறு. எல்லோரும் "அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி" என்று சொல்வதன் பெயர் கேன்சர் இன்ஸ்டிடியூட், டபிள்யூ.ஐ.ஏ. அந்த மூன்றெழுத்து சும்மா ஒட்டிக்கொண்டது இல்லை, விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன் என்ற மாதர் சங்கத்தின் பெயர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தச் சங்கத்தின் வழியாகத்தான் ஊர் ஊராக நிதி திரட்டி, 1954இல் பன்னிரண்டு படுக்கையோடு அதைத் தொடங்கினார். அதே மாதிரி சங்கர நேத்ராலயா, மெடிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் வருகிறது. 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் பதினோரு படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையை நடத்துவது கோவெல் டிரஸ்ட். வேலூர் சி.எம்.சி.க்குப் பின்னால் கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ் வேலூர் அசோசியேஷன் என்ற சங்கம் இருக்கிறது. "கேன்சர் ஆஸ்பத்திரி", "கண் ஆஸ்பத்திரி" என்ற சொற்களைப் பெயரில் வைத்திருக்கும் இடங்கள் இன்று எத்தனையோ, லாப நோக்கில் நடப்பவையும் அதில் உண்டு. நீங்கள் எதை நினைத்தீர்கள் என்று உங்களுக்குப் பிறகு யாரும் ஊகித்துக்கொண்டிருக்கக் கூடாது.

பெயரே எழுதாமல் "தர்ம காரியத்துக்கு" என்று விட்டுவிடுவது இன்னும் ஆபத்து. 1899இல் பம்பாயிலிருந்து போன ஒரு வழக்கில், உயிலில் "தர்மம்" என்ற சொல்லுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தை, அது எதைக் குறிக்கிறது என்று தெளிவில்லை என்று சொல்லி, அன்றைக்கு மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் செல்லாததாக்கிவிட்டது. நமக்கு "தர்மம்" என்ற சொல் நிறைவாகத்தான் கேட்கிறது, ஆனால் நீதிமன்றத்துக்கு அது போதவில்லை.

ஆக, செய்ய வேண்டியது இது. அந்த அமைப்புக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போட்டு, உயிலில் எழுத விரும்புகிறேன், உங்கள் முழுப் பதிவுப் பெயர், பதிவு எண், பதிவான முகவரி, வருமான வரிக்கான நிரந்தரக் கணக்கு எண் (பான்) இவற்றைத் தாருங்கள் என்று கேளுங்கள். எவ்வளவு என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. நல்ல அமைப்பாக இருந்தால் ஒரு வாரத்தில் பதில் வரும், நன்கொடைப் பிரிவில் இதற்கென்றே ஒருவர் இருப்பார். வருமான வரித்துறையில் அறக்கட்டளையாகப் பெற்ற பதிவும், நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் பதிவும் (12ஏபி, 80ஜி என்று சொல்லப்பட்டு வந்தவை) நடப்பில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், இவை குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்பட வேண்டியவை, தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டு வருகிற இடம் என்றால் கணக்கு வழக்கு ஒழுங்காக நடக்கிறது என்று ஓரளவு நம்பலாம். கடைசி இரண்டு வருடத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், வாழ்நாள் சேமிப்பிலிருந்து கொடுக்கப் போகிறீர்கள்.

பெரிய பெயர்களுக்குத்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் மாதிரி மனநலத்துக்கு உழைக்கும் அமைப்புகள் இருக்கின்றன. மனநோய்க்கு எழுதிவைப்பவர்கள் குறைவு என்பது என் எண்ணம், புற்றுநோய்க்கும் கண்ணுக்கும் மனம் இளகுகிற அளவுக்கு அதற்கு இளகுவதில்லை, அது எனக்கு வருத்தம். உங்கள் மாவட்டத்தில் வலி தணிக்கும் சிகிச்சை தரும் சின்ன அறக்கட்டளை இருந்தால் அதையும் யோசியுங்கள். அரசு மருத்துவமனைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று மனது சொன்னால், அங்கே நோயாளர் நலச் சங்கம் இருக்கிறதா, அதன் பெயரில் எழுதலாமா என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு, எந்த வடிவில்

மூன்று விதமாக எழுதலாம். ஒரு தொகை: "ஐந்து லட்சம் ரூபாய்." ஒரு பொருள்: "இன்ன தெருவில் இருக்கும் என் மனை." அல்லது ஒரு பங்கு: "எல்லாம் போக மிஞ்சுவதில் நூற்றுக்குப் பத்து." நான் யார் கேட்டாலும் மூன்றாவதைத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் தொகை தேய்ந்துவிடும். இருபத்தைந்து வருடம் முன்பு ஒருவர் உயிலில் எழுதிய ஒரு லட்சம் அன்றைக்குப் பெரிய காசு, இன்று ஒரு நோயாளியின் சில நாள் சிகிச்சைக்கே அது போய்விடும். எதிர்ப்பக்கமும் உண்டு, கடைசிக் காலத்தில் உங்கள் சொந்த மருத்துவச் செலவிலேயே சேமிப்பு கரைந்துவிட்டால், ஐந்து லட்சம் என்று எழுதிய தொகை குடும்பத்துக்குப் பாரமாகிவிடும். பொருள் என்று எழுதினால் வேறொரு சிக்கல், அந்த மனையை நீங்களே பின்னால் விற்றுவிட்டால் அந்தக் கொடை அதோடு போச்சு, விற்ற பணம் ஆஸ்பத்திரிக்குப் போகாது. பங்கு என்று எழுதினால் சொத்து கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்ப அதுவும் கூடும், குறையும். பிள்ளைகளும் "எங்களுக்கு மிஞ்சாமல் போய்விடுமோ" என்று பயப்பட வேண்டாம்.

ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எந்த உயிலிலும் முதலில் ஈமச்செலவும் கடனும்தான் கழியும், கொடைகள் அதற்குப் பிறகுதான்.

நிலமாகவோ வீடாகவோ கொடுக்க ஆசை என்றால், அந்த அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாடகைக்கு ஆள் இருக்கும் பழைய வீட்டையோ, குத்தகைக்காரர் உழுதுகொண்டிருக்கும் ஒன்றரை ஏக்கரையோ வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனை என்ன செய்யும்? வக்கீல், வரி, வேலி என்று செலவுதான். "என் நிறைவேற்றுநர் அதை விற்று, வரும் பணத்தைக் கொடுக்க வேண்டும்" என்று எழுதிவிட்டால் அவர்களுக்கும் நல்லது (நிறைவேற்றுநர் என்பவர் உயிலில் சொன்னதைச் செய்து முடிக்க நீங்கள் நியமிக்கும் ஆள், பின்னால் விவரமாகச் சொல்கிறேன்). நகைக்கும் அதே மாதிரி.

வீட்டை மனைவி காலம் வரை மனைவி அனுபவித்து, அவருக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு என்று எழுத நினைப்பவர்கள் நிறைய. நல்ல எண்ணம்தான், ஆனால் இதை மட்டும் வக்கீல் இல்லாமல் எழுதாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, ஜீவனாம்ச உரிமைக்காக ஒரு பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட ஆயுள்கால உரிமை முழு உரிமையாகவே மாறிவிடலாம், 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. பெண்களுக்கு அது மிகவும் தேவையான தீர்ப்பு, அதில் எனக்கு மறு கருத்தே இல்லை. ஆனால் உங்கள் உயிலின் வாசகம் சரியில்லை என்றால் "பிறகு ஆஸ்பத்திரிக்கு" என்ற பகுதி நிற்காமல் போகலாம் என்பதையும் தெரிந்துகொண்டு எழுத வேண்டும்.

நாமினி என்ற குழப்பம்

வங்கி டெபாசிட்டுக்கு நாமினி போட்டாயிற்று, அப்புறம் உயில் எதற்கு என்று கேட்பார்கள். நாமினி என்பவர் பணத்தை வங்கியிலிருந்து வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர், சொத்துக்கு உரிமையாளர் அல்ல, உயிலிலோ சட்டத்திலோ யாருக்கு உரிமையோ அவர்களுக்கு அவர் கொடுக்க வேண்டும். கம்பெனிப் பங்குகள் (ஷேர்) விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2023இல் இதையே உறுதிப்படுத்தியது. வங்கிக் கணக்குக்குத் தனிநபரைத்தான் நாமினியாகப் போட முடியும், அறக்கட்டளையைப் போட முடியாது. ஆகவே டெபாசிட் பணத்தில் ஆஸ்பத்திரிக்குப் பங்கு உண்டு என்றால் உயிலில் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதியதை நாமினியிடமும் சொல்ல வேண்டும். மகன் நாமினி, அவனுக்கு இது தெரியாது, அவன் பணத்தை எடுத்து வீட்டுக் கடனை அடைத்துவிட்டான் என்றால் யாரைக் குறை சொல்வது?

ஆயுள் காப்பீடு மட்டும் வேறு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் இவர்களை நாமினியாகப் போட்டிருந்தால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம். அதனால் எல்.ஐ.சி. பணத்தை நம்பி ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டாம், அதைக் குடும்பத்துக்கே விட்டுவிடுங்கள்.

வரிச்சலுகை கிடைக்குமா என்றும் கேட்பீர்கள். இந்தியாவில் இறந்தவர் சொத்து மீதான வரியை 1985லேயே எடுத்துவிட்டார்கள், அதனால் உயில் வழியாகக் கொடுப்பதால் மிச்சப்படுத்த வரி என்று ஒன்றும் இல்லை. 80ஜி கழிவு என்பது உயிரோடு இருக்கும்போது கொடுக்கும் நன்கொடைக்கு. அந்தச் சலுகை வேண்டும் என்றால் ஒரு பகுதியை இப்போதே கொடுங்கள். உண்மையில் இரண்டையும் செய்வது நல்லது, இப்போது கொஞ்சம் கொடுத்துப் பார்த்தால் ரசீது ஒழுங்காக வருகிறதா, பணத்தை என்ன செய்தார்கள் என்று சொல்கிறார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

அந்த ஒரு பத்தி

உயிலைத் தமிழிலேயே எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், கையாலும் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். அத்தை எழுதிய அந்த ஒற்றை வரிக்குப் பதிலாக, இப்படி ஒரு பத்தி இருந்திருந்தால் எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்காது:

"என் ஈமச்செலவும் கடன்களும், இந்த உயிலை நிறைவேற்றும் செலவும், மேலே சொன்ன தனிக் கொடைகளும் போக, எஞ்சி நிற்கும் என் எல்லாச் சொத்துகளின் நிகர மதிப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கை, இன்ன முகவரியில் இயங்குவதும் இன்ன பதிவு எண்ணும் இன்ன நிரந்தரக் கணக்கு எண்ணும் உடையதுமான இன்ன அமைப்புக்கு, அதன் மருத்துவப் பணிகளுக்காகக் கொடுக்கிறேன். வசதியற்ற நோயாளிகளின் சிகிச்சைக்கு இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம், ஆனால் அது நிபந்தனை அல்ல. நான் இறக்கும்போது அந்த அமைப்பு வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த அமைப்புக்கும், அது அறவே இல்லாமல் போயிருந்தால் அதே வகைப் பணி செய்யும் பதிவு பெற்ற வேறோர் அறக்கட்டளையை என் நிறைவேற்றுநர் தேர்ந்தெடுத்து அதற்கும் இந்தப் பங்கு சேர வேண்டும். அமைப்பின் அதிகாரம் பெற்ற அலுவலர் தரும் ரசீது என் நிறைவேற்றுநருக்குப் போதுமானது."

"விருப்பம், ஆனால் நிபந்தனை அல்ல" என்ற இடத்தைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். "குழந்தைகளுக்கு இன்ன நோய்க்கு இன்ன மருந்து வாங்க மட்டும்" என்று இறுக்கமாக எழுதினால், முப்பது வருடம் கழித்து அந்த மருந்தே வழக்கொழிந்து போயிருக்கும், பணத்தைத் தொட முடியாமல் அவர்கள் தவிப்பார்கள். அம்மா பெயரில் ஒரு படுக்கை, ஒரு வார்டு என்று ஆசை இருந்தால், அதற்கு அந்த இடத்தில் ஏற்பாடு உண்டா, குறைந்தபட்சத் தொகை என்ன என்று உயிரோடு இருக்கும்போதே பேசி, கடிதமாக வாங்கி, உயிலோடு வைத்துவிடுங்கள்.

யார் நிறைவேற்றுவது

பச்சையப்ப முதலியார் 1794இல் தன் சொத்தில் பெரும்பகுதியைத் தர்மத்துக்கு என்று உயில் எழுதிவிட்டுக் காலமானார். அந்தப் பணம் உடனே போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. கைமாறிக் கைமாறி, வழக்கில் கிடந்து, நீதிமன்றம் தலையிட்டு ஒழுங்குபடுத்திய பிறகு, 1842இல்தான் அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. இடையில் நாற்பத்தெட்டு வருடம். எழுதியவரின் மனம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எழுதியதைக் கையில் எடுத்துச் செய்ய ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தெரியவில்லை.

அந்த ஆளுக்குத்தான் நிறைவேற்றுநர் என்று பெயர், வக்கீல்கள் எக்ஸிகியூட்டர் என்பார்கள். உங்களைவிட வயது குறைந்தவராக, கணக்குப் பார்க்கத் தெரிந்தவராக, சண்டைக்கு நடுவிலும் நிதானமாகப் பேசுகிறவராகப் பாருங்கள். உயிலில் பங்கு பெறுகிற பிள்ளையே நிறைவேற்றுநராகவும் இருக்கலாம், தடையில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் பங்கு கூடக் கூட அவர் பங்கு குறையும் என்றால், கூட ஒருவரையும் சேர்த்துப் போடுவது நல்லது. அவரால் முடியாமல் போனால் யார் என்று இன்னொரு பெயரையும் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள், இறந்தபிறகு தெரிய வந்தால் பாதிப் பேர் கையை விரித்துவிடுவார்கள்.

கையெழுத்து, சாட்சி, பதிவு

இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உங்கள் கண் முன்னால் அவர்கள் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அதனால் தைரியமாகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம். உயிலில் ஏதாவது பெறுகிறவர், அவர் மனைவி அல்லது கணவர், நீங்கள் எழுதும் ஆஸ்பத்திரியின் ஊழியர், இவர்கள் யாரும் சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவர்கள் உயிலில் சாட்சிக்கோ அவர் துணைக்கோ எழுதிய கொடை செல்லவே செல்லாது. மற்றவர்களுக்கு அப்படி இல்லை என்றாலும் வீணான சந்தேகம் எதற்கு? பின்னால் வழக்கு வந்தால் ஒரு சாட்சியையாவது கோர்ட்டில் விசாரிப்பார்கள், அதனால் எண்பது வயது நண்பரைவிட நாற்பது வயது டாக்டரோ ஆசிரியரோ மேல். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அங்கேயும் நீங்களும் சாட்சிகளும் போட வேண்டும், அதைவிடப் பக்கத்தையே மாற்றி எழுதுவது சுலபம்.

பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனாலும் தர்மத்துக்குப் பங்கு எழுதும் உயிலைப் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சொந்தங்களை விட்டு வெளியே சொத்துப் போகும்போது "அவர் சுயநினைவோடு எழுதினாரா, யாரோ எழுதி வாங்கிவிட்டார்களா" என்ற கேள்வி சட்டென்று வரும், சந்தேகத்துக்கு இடமான சூழல் இருந்தால் அதைத் தீர்த்து வைப்பது உயிலைக் கொண்டுவருபவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1959லேயே சொல்லிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அடையாள அட்டையோடு, இரண்டு சாட்சிகளோடு போனால் போதும். முத்திரைத்தீர்வை கிடையாது, பதிவுக் கட்டணம் மட்டும்தான். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் மனுக் கொடுத்துச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்க முடியும். உள்ளே இருப்பது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால், உறையில் போட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வழியும் இருக்கிறது. வயதானவர்கள் அன்றைய தேதியிலேயே ஒரு டாக்டரிடம், நல்ல நினைவோடு இருக்கிறார் என்று சான்றிதழ் வாங்கிச் சேர்த்துவிடுவது மிக நல்லது.

பதிவு செய்துவிட்டால் மாற்ற முடியாதோ என்று பயப்படாதீர்கள். உயிர் இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக முறைப்படி எழுதியதுதான் செல்லும். தான செட்டில்மெண்ட் பத்திரம் வேறு, அது எழுதிய உடனே சொத்து கைவிட்டுப் போய்விடும். சில பத்திர எழுத்தர்கள் வேலை சுலபம் என்று அதைச் சொல்வார்கள், நீங்கள் இருக்கும் வீட்டை அப்படி எழுதிவிடாதீர்கள்.

சென்னை மாநகருக்குள் சொத்து இருந்தால் உயர் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்கும் நடைமுறை, புரொபேட் என்பார்களே, அது பற்றி இன்றைய நிலையை வக்கீலிடம் கேட்டு நிறைவேற்றுநருக்கும் எழுதி வைத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. ஆனால் கனடா, பிரிட்டன், சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். அதை வாங்க அந்த அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்க வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று வைத்திருக்கும் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். பதிவு இல்லாத சின்ன அமைப்புக்கு எழுதிவைத்தால் அவர்கள் கைநீட்டி வாங்கவே முடியாது. எழுதும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் சொல்வது

எனக்குத் தெரிந்து இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. உயில் என்ற பேச்சை எடுத்தாலே "இப்ப என்ன அவசரம், வாயை அலம்புங்க" என்பார்கள். அதற்காகச் சொல்லாமல் விடாதீர்கள். மொத்தக் கணக்கையும் சொல்ல வேண்டாம், "பத்தில் ஒரு பங்கு இன்ன ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறேன், காரணம் இது" என்று ஒரு தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எல்லோரும் கூடியிருக்கும்போது சொல்லிவிட்டால் போதும். காரணம்தான் முக்கியம். அப்பா கடைசி மூன்று மாதம் அங்கேதான் இருந்தார், ஒரு நர்ஸ் அவருக்குத் தினமும் பேப்பர் படித்துக் காட்டினார் என்று நீங்கள் சொல்லிக் கேட்ட பிள்ளை, பின்னால் அந்தப் பங்கை எதிர்த்து வழக்குப் போட மாட்டான். சட்டமே கேட்காவிட்டாலும் காரணத்தை உயிலிலும் இரண்டு வரி எழுதுங்கள்.

இன்னொரு விஷயம், கண் தானம், உடல் தானம் இவற்றை உயிலில் மட்டும் எழுதி வைக்காதீர்கள். கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், உயிலை நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் பிரிப்பார்கள். அதற்குத் தனியாகப் பதிவு செய்து, அட்டையைப் பர்ஸில் வைத்து, கூட இருப்பவர்களிடம் வாயால் சொல்லி வையுங்கள்.

எழுதி முடித்த அசல் எங்கே இருக்கிறது என்பது நிறைவேற்றுநருக்குத் தெரிய வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கி லாக்கரில் வைத்துவிட்டால், அதைத் திறப்பதற்கே அவர்கள் அலைய வேண்டியிருக்கும். வீட்டு பீரோவில் வையுங்கள், ஒரு நகல் நிறைவேற்றுநரிடம், ஒரு நகல் வக்கீலிடம். ஆஸ்பத்திரிக்கு உயிலின் நகல் தேவையில்லை, நிறைவேற்றுநரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு கடிதத்தில் கொடுத்துவிட்டால் போதும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள், வீடு விற்றது, பேரன் பிறந்தது, நிறைவேற்றுநர் ஊர் மாறியது, அந்த அறக்கட்டளை பெயர் மாறியது என்று ஏதாவது ஒன்று இருக்கும். அப்போது பழைய உயிலைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாக எழுதி, முதல் வரியிலேயே இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன் என்று தேதியோடு சொல்லிவிடுங்கள்.